வரவேற்பறைப் புழுப்பெட்டி

வீட்டுக்குள் மண்புழு வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, காற்றுக்குப் பக்கவாட்டில் ஓட்டை, அடியில் தென்னைநார்க் கழிவும் கிழித்த காகிதமும். அதைப் பிழிந்த துண்டின் ஈரத்துக்கு நனைத்து வைத்தால் போதும். காய்கறித் தோல், டீத்தூள், நொறுக்கிய முட்டை ஓடு போடலாம். எலுமிச்சை, வெங்காயம், எண்ணெய்ப் பண்டம் ஆகாது. உப்பு ஆகவே ஆகாது. நாற்றம் அடித்தால் தப்பு புழுவிடம் இல்லை, போடுகிறவரிடம். இதையெல்லாம் நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் சின்ன முதலாளி சுரேந்தர் மேடை மேடையாகப் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்ததும் நான்தான் என்பதால் மறக்க வழியில்லை.

காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் என் கை நடுங்கும் என்று நினைத்து அந்த டீயை வாங்கியிருந்தால் வீண் செலவு. எனக்கு இது புதிய வேலை இல்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் பெர்சனல் மேனேஜர். இப்போது அந்தப் பதவிக்கு ஹெச்.ஆர். என்று பெயர், நாற்காலி அதேதான். நானூறு மன்னிப்புக் கடிதமாவது எழுதியிருப்பேன். இன்ன தேதியில் இன்ன தவறைச் செய்தேன், யாருடைய தூண்டுதலும் இல்லை, சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறேன். தவறு செய்தவர்களை எழுதச் சொன்னால் மாமியாருக்குச் சர்க்கரை என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். மூன்று பக்கம் போனாலும் குற்றம் வராது. அதனால் நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். தரணீதரன் எழுதிய கடிதத்தில் ஒரு அடித்தல் திருத்தம் இருக்காது என்று லேபர் கோர்ட் வக்கீல்கள்கூடச் சொல்வார்கள்.

பெட்டி வந்தது மாசியில். பெரிய முதலாளி பொங்கியண்ணனுக்கு சுரேந்தர் ஒரே பையன். இரண்டு வருஷம் வெளிநாட்டில் படித்துவிட்டுத் தாடியோடும், பூமியைக் காப்பாற்றும் எண்ணத்தோடும் திரும்பி வந்தவர். எங்கள் மெஷின் ஹாலில் எது ஓவர்லாக், எது பிளாட்லாக் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு டீ-ஷர்ட் தயாரிக்க எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மாற்றம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். சமையலறையிலிருந்து தொடங்கியிருக்கலாம். அங்கே விருந்தாளிகள் வரமாட்டார்கள் என்பதால் வரவேற்பறையிலிருந்து தொடங்கினார். மடத்துக்குளம் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆயிரத்தைந்நூறு சிவப்புப் புழு வந்தது. பெட்டிக்குத் தேக்கில் ஒரு சட்டம், மேலே சின்ன விளக்கு, பகல் முழுக்க ஏசி. 'எங்கள் நிலத்தடி நண்பர்கள்' என்று பித்தளையில் ஒரு பலகை. அந்த வருஷம் கம்பெனி வெளியிட்ட பசுமை அறிக்கையில் புழுக்களைப் 'புதிதாக இணைந்த உறுப்பினர்கள்' என்று சேர்த்தோம். அதே வருஷம் செக்கிங் பிரிவிலிருந்து அறுபது பெண்களை நிறுத்தியிருந்தோம். மொத்தத்தில் பார்த்தால் கம்பெனி வளர்ந்துதான் இருந்தது.

பெரிய முதலாளி சோபாவில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏந்தரணி, நம்ம தோட்டத்துல இது நெளிஞ்சுட்டுக் கெடந்தப்ப ஒருத்தனும் போட்டோ எடுக்க வல்லியே. ஊட்டுக்குள்ள கொண்டாந்து ஏசி போட்டதும் வர்றவனெல்லாம் எடுக்கறான்."

"அப்பா, இது வெறும் புழு இல்லீங்கப்பா. இவங்க நம்ம பார்ட்னர்ஸ்," என்றார் சுரேந்தர்.

"பார்ட்னரா. கையெழுத்துப் போடற பார்ட்னரா, போடாத பார்ட்னரா?"

நான் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன் எந்த முதலாளியின் நகைச்சுவைக்குச் சிரிப்பது என்று யோசித்துத்தான் சிரிக்க வேண்டும்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. பூமியைக் காப்பாற்றுகிறவர் வாழைப்பழத் தோலைத் தன் கையால் நறுக்க முடியாது அல்லவா. அதற்கு ஒச்சம்மாளை அனுப்பியது நான். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, புருஷன் ராமர் எங்கள் பாய்லரில் வேலை. பதினோரு வருஷம் செக்கிங்கில் நின்று துணியைத் தடவித் தடவியே பழுது கண்டுபிடித்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்க ஆரம்பித்ததும், ஹாலைவிட்டு வெளியே எடுக்கச் சொல்லி ஈ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் கொடுத்தார். கம்பெனிப் பதிவேட்டில் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு முதலாளி வீட்டு வேலைக்கு மாற்றினேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுவாள். நான் நல்லவன் என்ற எண்ணம் அவளுக்கு அங்கேதான் வந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

நன்றாகவே பார்த்துக்கொண்டாள். தோலைப் பொடிப்பொடியாக நறுக்குவாள். ஈரம் கூடினால் காகிதம் கிழித்துப் போடுவாள். "பிள்ளைக தூங்குதுக" என்று விருந்தாளிகளிடம் சொல்லி விளக்கை அணைப்பாள். சுரேந்தரின் வீடியோக்களில் பத்து விரல்கள் மண்ணைக் கிளறும். அவை ஒச்சம்மாளின் விரல்கள். முகமும் குரலும் சுரேந்தருடையவை.

பங்குனியில் வெளிநாட்டு பையர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். வீட்டில் மதியச் சாப்பாடு. பெட்டியைப் பார்த்து அவர் கண் கலங்கினார். சுரேந்தருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வரும்போதெல்லாம் நான் என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வேன். அவர்களுக்காக ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நூறு சதவீத ஆர்கானிக் காட்டன் சட்டையில் ஒன்றை எடுத்தார். முதுகுப் பக்கத்தை வெட்டினார். அந்த அம்மையாரிடம் அழியாத மை பேனாவைக் கொடுத்துத் துணியின் மேல் பெயரும் தேதியும் எழுதச் சொன்னார். பிறகு அதைப் புழுக்களுக்கு நடுவில் புதைத்தார்.

"தொண்ணூறு நாளைக்கு அப்புறம் நீங்க மறுபடி வாங்க மேடம். இந்தத் துணி மண்ணாயிருக்கும்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தத் துணி மண்ணாகாது, ஐயா. அதில் நாற்பது பங்கு பாலியஸ்டர். ஆர்கானிக் நூல் வரத் தாமதமானது, கப்பல் தேதி நெருங்கியது. "எப்புடியோ முடிச்சுப்போடு தரணி" என்றார் பெரிய முதலாளி. எங்கள் ஊரில் அதைவிடத் தெளிவான உத்தரவு கிடையாது. கிடைத்த கலப்பு நூலில் துணி ஓட்டினோம். சான்றிதழைத் தயார்செய்தது நான். சுரேந்தருக்கு எதுவும் தெரியாது. துணியைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் அதைப் படம் மட்டும்தான் எடுத்தார்.

நான் பயப்படவில்லை. நாள் கிடந்தது. வேறு துணியை மாற்றி வைக்கலாம் என்றால் கையெழுத்து இடித்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருப்பேன். நாற்பதாவது நாள் வாக்கில் ஒச்சம்மாள் என் அறைக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ மேஜையில் வைத்தாள்.

"சார், ஒரு வெவரம் கேக்கணும். இந்தப் பிள்ளைக பேப்பரைத் திங்குதுக, தோலைத் திங்குதுக, என் பழைய பனியன் துண்டு ஒண்ணு போட்டேன், அதையும் திண்டு போட்டுருச்சுக. சின்ன மொதலாளி வச்ச துணிய மட்டும் அரிச்சுப்புட்டு வலை மாதிரி விட்டுருதுக."

"விதவிதமான துணி இருக்கும் ஒச்சம்மா."

"அதான் சார், ஓரத்துல ஒரு நூலை உருவித் தீக்குச்சில காட்டிப் பாத்தேன்." மேஜையில் இருந்ததைக் காட்டினாள். கடுகளவு கறுப்பு உருண்டை. "காட்டன்னா சாம்பலாத்தான போகணும்? இது மணியாட்டம் உருண்டுருச்சு. நூல் கடைக்காரன் நம்ம கம்பெனிய ஏமாத்திப்புட்டான் போல சார். மொதலாளிட்டச் சொன்னா மனசு கஷ்டப்படுவாக. நீங்க பாத்துச் சொல்லிருங்க."

திருப்பூரில் துணி வேலை பார்த்தவர் யாராக இருந்தாலும் செய்கிற சோதனைதான் அது. பஞ்சு காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும். மூன்று தணிக்கைக் கம்பெனி, இரண்டு ஆய்வகம், ஒரு வெளிநாட்டு அம்மையார் கண்டுபிடிக்காததைத் தீப்பெட்டியோடு ஒருத்தி கண்டுபிடித்திருந்தாள். கம்பெனியை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்பட வேறு செய்தாள். அந்த விசுவாசம்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. மிரட்டிக் காசு கேட்டிருந்தால் அவளோடு பேசி முடித்திருக்கலாம்.

நான் யோசித்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். புழு உயிரோடு இருந்தால் தொண்ணூறாவது நாள் பஞ்சு முழுக்கப் போய், பாலியஸ்டர் வலையில் கையெழுத்து மட்டும் பளிச்சென்று நிற்கும். புழு பாதியில் செத்தால் சோதனையே இல்லை. ஆனால் புழு சும்மா சாகாது, யாராவது சாகடித்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் கை வைக்கிறவள் ஒருத்திதான். ஒரே காரியத்தில் இரண்டு வேலை முடியும். இரண்டாயிரம் பேருக்குச் சோறு போடுகிற கம்பெனி ஒரு பக்கம், ஒரு பெட்டிப் புழுவும் ஒரு வேலைக்காரியும் இன்னொரு பக்கம். தராசை யார் பிடித்தாலும் அப்படித்தான் சாயும்.

சித்திரைக் கடைசியில் முதலாளி குடும்பம் சமையல்காரியையும் கூட்டிக்கொண்டு அவிநாசிபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனது. ஒச்சம்மாளுக்கு அன்று மூச்சு முட்டல். ஆஸ்பத்திரிக்குப் போக அரை நாள் கேட்டாள். முழு நாளே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என் வேலைக்காலத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு எங்கள் சாயப்பட்டறை ஸ்டோரிலிருந்து என் சாப்பாட்டுத் தூக்கில் உப்பு எடுத்துக்கொண்டு போனேன். வெந்நீரில் கரைத்துப் பூவாளியில் ஊற்றினேன். சீராக, எல்லா மூலையிலும். செடிக்குத் தண்ணீர் விடுவது போலத்தான் இருந்தது. புழுக்கள் மேலே வந்தன, பெட்டிச் சுவரில் ஏறின, சில சட்டத்தைத் தாண்டிப் பளிங்குத் தரையிலும் விழுந்தன. சத்தம் போடத் தெரியாத உயிர்கள். அவற்றை ஒரு அட்டையால் பொறுக்கி உள்ளே போட்டு மூடினேன். மறுநாள் சுரேந்தர் அழுதார். உண்மையாகவே அழுதார். அதையும் வீடியோ எடுத்தார்.

விசாரணை அதிகாரி நான்.

"நேத்துக்கு முந்தின நாள் என்ன போட்டே, ஒச்சம்மா?"

"எப்பவும் போடுறதுதான் சார். கேரட்டுத் தோலு, டீத்தூளு..." கொஞ்சம் யோசித்தாள். "கழனித்தண்ணி ஒரு கை தெளிச்சேன். காஞ்சு கெடந்துச்சு."

"கழனித்தண்ணியில உப்பு இருந்திருக்குமோ?"

"அதுல எப்புடி சார் உப்பு... பழனாத்தா அக்கா எதையும் கழுவி ஊத்தியிருப்பாகளோ?"

பழனாத்தாள் அந்த வீட்டுச் சமையல்காரி. அந்த ஒரு நொடியில் ஒச்சம்மாளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நேர்மையானவர்களுக்குக் கடிதம் எழுதுவது எளிது, ஐயா. பாதியை அவர்களே எழுதிவிடுவார்கள். நான் எழுதி நீட்டிய கடிதத்தில் 'உப்பு கலந்த நீரை ஊற்றினேன்' என்ற வரிக்குக் கீழே விரலை வைத்து நின்றாள்.

"சார், நான் உப்பு ஊத்தலியே."

"ஊத்தலன்னு காட்ட முடியுமா?"

"முடியாது சார்."

"அப்ப போடு."

போட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், கையெழுத்தை மட்டும் அழகாகப் போடுவாள். போட்டுவிட்டு, "அந்தத் துணி வெவரம் சொல்லிட்டீகளா சார்?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். மனசு நிறைந்த மாதிரி தலையாட்டினாள்.

கடிதத்தைப் படமெடுத்து ஹெச்.ஆர். மேனேஜர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். அது வழக்கம். பிறகு எந்தக் கம்பெனி வாசலிலும் அவளுக்கு வேலை இல்லை என்பது அந்த வழக்கத்தின் பலன். வேலையை விட்ட தேதியை ஏழு மாதம் முன்னால் போட்டு ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுப் பதிவிலிருந்தும் பெயரை எடுத்தேன். அந்தச் சட்டை ஓடிய காலத்தில் அவள் எங்கள் ஆளாகவே இருந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். அவள் மூச்சுக்குக் குறி வைத்து நான் எதையும் செய்யவில்லை.

தொண்ணூறாவது நாள் அம்மையார் வந்தார். புழுக்களின் மறைவுக்கு ஒரு நிமிஷம் மௌனம் கடைப்பிடித்தோம். கிண்டல் இல்லை, நானும் எழுந்து நின்றேன். துணியை வெளியே எடுத்தார்கள். பாதி அரித்து, சல்லடையாக, கையெழுத்தோடு இருந்தது. அம்மையார் அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பின்னல் வேலை போல அழகாக இருக்கிறது என்றார். பாதி வேலையை முடித்துவிட்டு உயிர்விட்ட சிற்றுயிர்கள் என்றார். சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த ஆர்டரும் கொடுத்தார். புழுக்களை நான் விட்டுவைத்திருந்தாலும் அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவளை நான் ஏற்கனவே அனுப்பியிருந்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பெரிய முதலாளி பெட்டிக்குள் கைவிட்டார். ஏசிக் குளிரில் மண்ணின் மேல் வெள்ளையாக ஊசி ஊசியாகப் பூத்திருந்தது. ஒரு சிட்டிகையை விரலால் நசுக்கி நாக்கில் வைத்தார்.

"இது சோத்து உப்பில்ல தரணி. கசக்குது, நாக்குல ஜில்லுங்குது. டையிங் சால்ட்டு."

பத்து எட்டு வைத்தால் சமையலறை. பழனாத்தாளின் உப்பு ஜாடி அங்கே திறந்தே இருக்கும். இருபத்திரண்டு வருஷம் சாயப்பட்டறை உப்பு மூட்டைகளுக்கு நடுவில் நடந்தவனுக்கு உப்பு என்றதும் கால் அங்கேதான் போனது. அப்படித் தப்புப் பண்ண எங்கள் தொழிலில் இருக்கிறவனால்தான் முடியும்.

அவர் விரலை வேட்டியில் துடைத்தார். "பொட்டிய பொறத்தால கொண்டுபோயிக் கொட்டிப்போடு," என்றார். "அந்தப் புள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு சாப்பிடப் போனார்.

அன்று ஆனி மூன்றாம் வாரம். ஒச்சம்மாள் உயிரோடுதான் இருந்தாள். ராமர் இரண்டு தடவை என் அறை வாசலில் வந்து நின்றான்.

"சார், ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர்ல பேரு இல்லேங்குறாய்ங்க. மிசின் வச்சாத்தான் மூச்சு வருது அவளுக்கு. வேலை வேணாம் சார், பேரை மட்டும் போட்டு விடுங்க."

பெயரைத் திரும்பப் போடுவது ஒரு நிமிஷ வேலை. மறைக்கவில்லை. ஆனால் போட்டால், முதலில் ஏன் எடுத்தோம் என்று எழுத வேண்டும். அந்தக் கடிதம் தப்பு என்று இன்னொரு கடிதம் எழுத வேண்டும். எங்கள் கோப்பில் அதற்கு மாதிரிப் படிவம் கிடையாது. பார்க்கலாம் என்றேன். ஆடி பிறந்து ஒன்பதாம் நாள், முதலிபாளையம் பக்கம் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அவள் செத்துப்போனாள். மாலை போடச் சொல்லி கம்பெனி சார்பில் ஆள் அனுப்பினேன்.

ராமர் உங்களிடம் வந்து அழுத பிறகுதான் பெரிய முதலாளியின் நாக்குக்கு அந்தக் கசப்பு ஞாபகம் வந்திருக்கிறது. போகட்டும். சுரேந்தர் இப்போது புதுப்பெட்டி வாங்கியிருக்கிறார். அதற்கு ஒச்சம்மாள் பெயரை வைக்கலாமா என்று என்னிடமே கேட்டார். நன்றாக இருக்கும் என்றேன்.

ஆகவே, சுயநினைவோடு சொல்கிறேன். ஆயிரத்தைந்நூறு புழுக்களை உப்பு நீர் ஊற்றிக் கொன்றேன். பொய்ச் சான்றிதழ் தயார்செய்தேன். ஒச்சம்மாளைப் பற்றி மூன்று தடவை கேட்டீர்கள், மேலே எழுதியிருக்கிறேன். அவளுக்கு இருந்தது மூச்சுக் கோளாறு, டாக்டர் சீட்டு கோப்பில் இருக்கிறது. அந்தக் கறுப்பு மணி என் மேஜை டிராயரில், குண்டூசி டப்பாவில் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஒருமுறை படித்துப் பார்த்தேன். அடித்தல் திருத்தம் இல்லை. கீழே கோடு போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ராமர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டால் வந்து போடுவான். எழுதுகிறவன் கையெழுத்துப் போடும் வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை.